சாமிக்கு ஒரு ஸ்கூட்டர்

சனிக்கிழமை காலையில் மூன்றே மூன்று வேலைதான். ரேஷன் கடை, மாவு மில், மெடிக்கல் ஷாப். பத்தரைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, நாலு வயசுப் பையனை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ரேஷன் கடையில் வழக்கம்போல என் கைரேகை மிஷினில் விழவில்லை. தினம் பாத்திரம் தேய்க்கிற விரலில் ரேகைக்கு எங்கே போவது? துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து நாலாவது தடவை விழுந்தது. பருப்பு, பாமாயில், சர்க்கரையோடு என் கைப்பையையும் சீட்டுக்கு அடியில் திணித்துப் பூட்டினேன். போன் அந்தப் பைக்குள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவு மில், மேற்கு மாம்பலத்தில் ஆரிய கவுடா ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. வண்டி நிறுத்த இடமில்லை. ‘இங்கே வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதியிருந்த ஒரு கேட்டுக்கு முன்னாலேயே, அஞ்சு நிமிஷம்தானே என்று நிறுத்தி ஹேண்டில் லாக்கும் போட்டேன். எனக்கு முன்னால் யாரோ கேழ்வரகு அரைத்திருந்தார்கள், உடனே கோதுமையைப் போட்டால் மாவு கறுத்துவிடும் என்று மில்காரர் காத்திருக்கச் சொன்னார், அஞ்சு நிமிஷம் அரைமணி ஆனது. “சூடா இருக்கும்மா, மூடாதீங்க, வேர்த்துடும்” என்று தூக்கைத் திறந்தபடியே கையில் கொடுத்தார்.

வெளியே வந்தால் எதிரே பிள்ளையார் கோயில். கோயிலைக் கண்டால் உண்டியலில் காசு போடாமல் எங்கள் ஆள் நகரமாட்டான், பாட்டி செய்து வைத்த பழக்கம். எனக்கு இரண்டு கையும் மாவுத் தூக்கில். சரி என்று அவனுடைய ஒரு கையில் அஞ்சு ரூபாய், இன்னொரு கையில் சாவிக்கொத்து. “காசைப் போடு, சாவியைக் கெட்டியா பிடிச்சுக்கோ.”

ணங்கென்று ஒரு சத்தம். அஞ்சு ரூபாய்க் காசுக்கு அவ்வளவு சத்தம் வராது. குனிந்து பார்த்தால், காசு அவன் கையில் பத்திரமாக இருக்கிறது.

“ஏன்டா சாவியைப் போட்டே?”

“பிள்ளையாருக்கு எலிதானேம்மா இருக்கு? நம்ம வண்டியை வெச்சுக்கட்டும்.”

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “இன்னாம்மா, சாமிக்குப் போட்டத திருப்பியா கேப்ப?” குருக்களோ, உண்டியலுக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவிதான் தன்னிடம், இன்னொன்று வைத்திருப்பவர் தாம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார். அதோடு விட்டாரா? திருப்போரூர் முருகன் கோயில் உண்டியலில் ஐபோன் விழுந்து, அது கோயிலுக்குத்தான் சொந்தம் என்று 2024 டிசம்பரில் சொன்னார்களே, அந்தக் கதையையும் ஆரம்பித்தார். அங்கே ஐபோன், இங்கே ஓட்டை ஸ்கூட்டர், அதிலும் நாலு மாத இஎம்ஐ பாக்கி. பிள்ளையார் யோசித்துக்கொள்ளட்டும்.

அதற்குள் கேட்டுக்காரர் காரை எடுக்க வந்துவிட்டார். ஹாரன் மேல் ஹாரன். வீட்டில் டூப்ளிகேட் சாவி இருக்கிறது, கணவரும் இருக்கிறார், ஆனால் அவருடைய நம்பர்? கல்யாணமாகி ஏழு வருஷம், ஒன்பது எட்டு என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. பூக்கார அம்மா போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

“எனக்குத் தெரியுமே!” என்றான் பையன். எல்கேஜி மிஸ் பாட்டாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ராகத்தோடு பாடினான். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான் வருமாம், மூன்று தடவை பாடவைத்துப் பத்து நம்பரையும் பிடித்தோம். இரண்டு தடவை கட் பண்ணினார், லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள் என்று நினைத்தாராம். மூன்றாவது தடவை எடுத்ததுமே, “வேண்டாம்மா, வேலையைப் பாருங்க” என்றார். “ஏங்க, நான்தாங்க!” என்று நான் கத்தியதில் தூக்கு சாய்ந்து பாதி மாவு என் செருப்பில்.

கடைசியில் பின்சக்கரத்தைத் தூக்கி வண்டியை நகர்த்தியது, திட்டிக்கொண்டிருந்த அதே கேட்டுக்காரர்தான். காற்றையும் பிடுங்கவில்லை.

சங்கடஹர சதுர்த்தி முடிந்து உண்டியலைத் திறக்கும்போது சாவியைத் தருவதாகக் குருக்கள் சொல்லியிருக்கிறார். பையன் தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பால்கனிக்கு ஓடிக் கீழே எட்டிப் பார்க்கிறான். “அம்மா, இன்னிக்கும் பிள்ளையார் வண்டி எடுக்க வரலை.”