22 தீர்த்தமும் அப்பத்தாவும்

தம்பியின் கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ராமேஸ்வரம் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தமும் ஆடுவதாக வேண்டிக்கொண்டவர் அப்பத்தா. தம்பி பந்து விளையாடவே கிளம்பிவிட்டான், இவருக்கோ 72 வயது, முட்டி வலி. இதில் ரயிலில்தான் போகணும் என்று பிடிவாதம் வேறு. சரி என்று பரமக்குடியில் ஏறினோம்.

பாம்பன் வந்ததும் நான் 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மேலே தூக்கும் இரும்பை அண்ணாந்து பார்க்கிறேன், அப்பத்தா கண்ணெல்லாம் பக்கத்தில் துருப்பிடித்து நின்ற 1914 பாலத்தின் மேல். "எங்கய்யா என்னைய அதுலதான் தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போனாரு." 1963, பத்து வயசு. அப்போது மெயின் லைனே தனுஷ்கோடிதான், ராமேஸ்வரத்துக்குப் பாம்பனில் பிரியும் கிளைப் பாதை. தனுஷ்கோடியில் இறங்கி அப்படியே கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போய்விடலாம். மறுவருஷம் டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் பயணிகளோடு ஒரு ரயிலே கடலுக்குள் போனது. அதற்கப்புறம் அப்பத்தா அந்தப் பக்கம் போனதேயில்லை.

ஸ்டேஷன் வாசலிலேயே "வரிசையே இல்லாம கூட்டிட்டுப் போறேம்மா" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அதிலிருந்து தப்பி, கடலான அக்னி தீர்த்தத்தில் முங்கிக் கோயிலுக்குள் போனால் கிணற்றடியில் இன்னொரு கூத்து. தனியாகக் காசு கொடுத்த கூட்டத்துக்கு வாளி வாளியாகக் கொட்டுகிறார்கள், எங்களுக்குத் தெளிப்பு. ஆனாலும் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அந்தத் தண்ணீர் நாக்கில் உப்புக் கரிக்கவில்லையே, அதை என்ன சொல்ல!

பதினாலாவதில் அப்பத்தா மூன்றாம் பிரகாரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கருங்கல்லே இல்லாத மணல் தீவுக்குக் கல்லைக் கொண்டுவந்து சேதுபதி ராஜாக்கள் எழுப்பிய பிரகாரம், தூண் மட்டும் ஆயிரத்துக்கு மேல். "இவ்வளவு கல்லச் சுமந்திருக்கானுக, நான் என் உடம்பச் சுமக்க மாட்டனா" என்று அவரே எழுந்தார். தரையெல்லாம் வழுக்கல், என் தோளைப் பிடித்த கையில் நடுக்கம். கடைசியான கோடி தீர்த்தத்தில்தான் புண்ணியவான் ஒருவர் முழு வாளியையும் தலையில் ஊற்றினார்.

ஈரம் மாற்றி ராமநாதர் முன்னால் நின்றது ரெண்டு நிமிஷம் இருக்குமா, "நகருங்க, நகருங்க" என்ற சத்தம். வழியெல்லாம் தம்பி பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த அப்பத்தா அத்தனையும் மறந்துபோய், "வந்துட்டேன்யா" என்று மட்டும் சொன்னார். சாமியிடம் சொன்னாரா, தன் அய்யாவிடம் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. தீபாராதனை வெளிச்சத்தில் எனக்குக் கண் மறைத்துவிட்டது. ராமநாதா, உன் கருணையப்பா, வேறென்ன!

வெளியே வந்ததும் அவராகவே, "தனுஷ்கோடிக்கு ஒரு ஆட்டோ புடி" என்றார். சிதைந்த சர்ச், தண்ணித் தொட்டி, மிச்சமிருக்கும் சுவர்கள், எதிலும் கண் நிற்கவில்லை. நேராகத் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனைக்குப் போய்க் குனிந்து ஒரு பிடி சேது மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இதப் பிரயாகைல கரைக்கணும். அங்கேருந்து கங்கைத் தண்ணி கொண்டாந்து ராமநாதருக்கு ஊத்தணும். காசிக்கு ரயில் என்னைக்குனு போன்ல பாரு."