வேத வாசிப்புக்கு மூன்று வருஷம் கொடுங்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பும் பலர், கூடவே ஒரு தீர்மானத்தையும் கொண்டுவருகிறார்கள்: இந்த வருஷம் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை வாசித்து முடிப்பது. பிப்ரவரி நடுவில் அந்தத் தீர்மானம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவார்கள். பக்தி குறைந்துபோனதுதான் காரணம் என்று அவர்களே தங்களைக் குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலும் தவறு கணக்கில் இருக்கிறது.

நம் வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். 365 நாளுக்குப் பங்கிட்டால் தினமும் மூன்றேகால் அதிகாரம். அந்த வேகத்தில் ஜனவரி 16 வாக்கில் ஆதியாகமம் முடிகிறது. 28 வாக்கில் யாத்திராகமமும் முடிகிறது. கதை ஓட்டம் அதோடு நிற்கிறது. யாத்திராகமம் 25க்கு மேல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், நடுவில் பொன் கன்றுக்குட்டியின் மூன்று அதிகாரங்கள் நீங்கலாக. அதைத் தொடர்ந்து லேவியராகமம், பிறகு எண்ணாகமத்தின் கணக்கெடுப்பு. மிகக் கடினமான பகுதி, புதுப் பழக்கம் இன்னும் வேர் பிடிக்காத ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் வந்து சேர்கிறது. அந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு கல்யாணமோ நாலு நாள் காய்ச்சலோ வந்தால் 13 அதிகாரம் பாக்கி. பாக்கியை அடைக்க ஒரே உட்காரலில் பதினாறு அதிகாரம் புரட்டுகிறவருக்கு, முடித்ததும் எதுவும் நினைவில் இருக்காது. மறுநாள் வேதத்தைத் திறக்கவே மனம் வராது.

ஒரு வருஷத் திட்டங்களில் உலகப் புகழ்பெற்றது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842இல் தம் சபைக்காகத் தயாரித்தது. தினம் நான்கு அதிகாரம். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு தடவை. திட்டத்தோடு அதன் ஆபத்துகளையும் அவரே எழுதிவைத்தார்: வெறும் சடங்காகிவிடலாம், சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்க நேரலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். அட்டவணையை அச்சடித்துக் கொடுக்கிறவர்கள் இந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

இனி வேறொரு கணக்கு. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 52 வாரத்துக்கும் 260 நாள். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒரு அதிகாரம் போதும், வருஷத்துக்குள் புதிய ஏற்பாடு முடிந்துவிடும். பழைய ஏற்பாட்டில் 929. சங்கீதங்கள் 150ஐத் தள்ளினால் மீதி 779. அதிலும் அதே ஐந்து நாளும் தினம் ஒரு அதிகாரம் வாசித்தால் மூன்று வருஷத்தில் 780 நாள். ஒரு நாள் மிஞ்சுகிறது. சங்கீதங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்: மூன்று வருஷத்தில் 156 ஞாயிறுகள். சனிக்கிழமைக்கு எதுவும் எழுதக் கூடாது. அது காலியாகவே இருக்கட்டும்.

ஆக, நாளுக்கு இரண்டு அதிகாரம், சராசரியாக ஐம்பத்தேழு வசனம். மூன்று வருஷ முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடு மூன்று தடவையும் வாசித்திருப்பீர்கள். (கத்தோலிக்கப் பதிப்பில் 73 புத்தகங்கள் என்பதால் பழைய ஏற்பாட்டுக்கு இன்னும் சில மாதம் கூடும்.)

இந்த முறைக்குத் தேதி வேண்டாம். ஒரு பக்க அடையாளம் பழைய ஏற்பாட்டில், இன்னொன்று புதிய ஏற்பாட்டில். தவறிய நாள் ஒன்று என்றால் சனிக்கிழமை வாசித்துவிடலாம். ஒன்றுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள், ஈடுகட்ட வேண்டாம். அடையாளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே தொடருங்கள். மூன்று வருஷம் மூன்றேகால் வருஷம் ஆகும், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே நகரட்டும். ஒன்றை முன்னே ஓடவிட்டு மற்றதைப் பின்தங்கவிடக் கூடாது.

ஏன் என்பதற்கு லேவியராகமத்தை எடுத்துக்கொள்வோம். பழைய ஏற்பாட்டை அச்சிட்ட வரிசையிலேயே தொடங்கலாம். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40: இரண்டும் பதினெட்டு வாரம். புதிய ஏற்பாட்டை மட்டும் முதல் வருஷத்தில் வரிசை மாற்றி வாசியுங்கள்: மாற்கு 16, லூக்கா 24, அப்போஸ்தலர் நடபடிகள் 28, ரோமர் 16, கலாத்தியர் 6, எபேசியர் 6, பிலேமோன் 1. மொத்தம் 97 நாள். 98ஆம் நாள் எபிரெயர் தொடங்கும். அப்படியானால் 106ஆம் நாள், அதாவது 22ஆம் வாரத்துத் திங்கட்கிழமை, ஒரு பக்கம் லேவியராகமம் 16, மறுபக்கம் எபிரெயர் 9. பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருதரம் இரத்தத்தோடு திரைக்கு உட்புறம் போகும் அதிகாரமும், கிறிஸ்து ஒரேதரம் பிரவேசித்தார் என்று சொல்லும் அதிகாரமும் ஒரே காலையில் கையில் இருக்கும். அன்றைக்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

அதற்கு முன்னும் பின்னும் லேவியராகமத்துக்குள் வழி தெரிந்து நடக்க ஒரு சிறு வரைபடம் போதும். 1 முதல் 7 வரை ஐந்து வகைப் பலிகள்: சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி. 8 முதல் 10 வரை ஆசாரியர்களின் பிரதிஷ்டையும் ஆரோனின் மகன்கள் நாதாப், அபியூவின் மரணமும். 11 முதல் 15 வரை தீட்டும் சுத்தமும். 16 பாவநிவாரண நாள். அதற்கு மேல் பரிசுத்த வாழ்வு, பண்டிகைகள், யூபிலி. 12ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாத தாய் இரண்டு காட்டுப்புறாக்களையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது கொண்டுவரலாம் என்று இருக்கும். அதே காணிக்கையை மரியாள் செலுத்தியதை நீங்கள் லூக்கா 2இல் ஏற்கெனவே வாசித்திருப்பீர்கள். இயேசு பிறந்த வீட்டின் வசதி அங்கே புரியும். குஷ்டரோகியை இயேசு ஆசாரியனிடம் அனுப்பியது மாற்கு 1இல். எதற்கு அனுப்பினார் என்பது லேவியராகமம் 14இல். உன்னைப்போலப் பிறனையும் நேசி என்ற கட்டளையும் இதே புத்தகத்தில், 19:18இல்தான் இருக்கிறது. சலிப்பூட்டும் புத்தகம் என்று இதைத் தள்ளிவைக்கிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. தனியாக வாசிப்பதால்தான் சலிப்பு.

எண்ணாகமம் 7க்கு 89 வசனங்கள். பன்னிரண்டு பிரபுக்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்த ஒரே காணிக்கைப் பட்டியல் பன்னிரண்டு தடவை. இதைக் கண்ணால் தாண்டாமல் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஒரு கோத்திரத்தின் காணிக்கையைக்கூடச் சுருக்கி எழுதவில்லை என்பது காதில்தான் விழும்.

நாளாகமத்தை இராஜாக்களை அடுத்து உடனே வாசிக்க வேண்டாம். அதே ராஜாக்கள், அதே யுத்தங்கள் என்று மனம் ஓய்ந்துவிடும். மூன்றாம் வருஷத்துக்குத் தள்ளி, எஸ்றாவுக்கு முன்னால் வைத்துக்கொண்டால், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய ஜனத்துக்குத் தங்கள் வம்ச அட்டவணை ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது தானாக விளங்கும்.

தீர்க்கதரிசிகளில் பலர் திணறுவதற்குக் காரணம், எந்த ராஜா காலத்தில் யார் பேசுகிறார் என்று தெரியாமல் உள்ளே நுழைவதுதான். இதற்கும் வரிசையை மாற்றுவதே மருந்து. 2 இராஜாக்கள் 14இல் இரண்டாம் யெரொபெயாம் வருகிறான். யோனாவின் பெயரும் அங்கே இருக்கிறது. அங்கே நிறுத்தி யோனா, ஆமோஸ், ஓசியா வாசியுங்கள். பிறகு 15 முதல் 20 வரை போய், ஏசாயா. 25 முடித்ததும் எரேமியா, புலம்பல். ஆகாய், சகரியா இருவரையும் எஸ்றா 5இன் முதல் வசனமே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அங்கே நிறுத்தி அவர்களை வாசித்துவிட்டு எஸ்றாவுக்குத் திரும்பலாம். எரேமியாவில் இன்னொரு சிக்கல் உண்டு: அதிகாரங்கள் கால வரிசையில் இல்லை. 21 சிதேக்கியாவின் காலம். 25 அதற்கு முந்தைய யோயாக்கீமின் நாலாம் வருஷம். 36 மறுபடியும் அதே நாலாம் வருஷம். அதிகாரத் தொடக்கத்தில் ராஜாவின் பெயர் வந்தால் பென்சிலால் அடிக்கோடு இடுங்கள். குழப்பம் பாதி தீரும்.

இனி உட்கார்ந்து வாசிக்கும் முறை. முதலில் ஒரு வரி ஜெபம். சங்கீதம் 119:18 போதும்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." பிறகு வாய்விட்டு வாசியுங்கள். எத்தியோப்பிய மந்திரி வாசித்ததைப் பிலிப்பு கேட்டான் என்று அப்போஸ்தலர் 8 சொல்கிறது. அவர் ரதத்தில் வாய்விட்டுத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். மௌனமாக வாசித்தால், சிறு வயதிலிருந்து கேட்டுப் பழகிய பகுதிகளில் கண் தானாக ஓடிவிடும்.

வாசித்து முடித்ததும் நோட்டில் மூன்று வரி. யார் யாரிடம் என்ன பேசுகிறார்? புரியாதது எது? இதிலிருந்து ஆண்டவரிடம் என்ன கேட்கிறேன்? மூன்றுக்கு மேல் வேண்டாம். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்குகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் நோட்டையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது கேள்வியை வெட்கப்படாமல் எழுதுங்கள். மூன்றாம் வாரம் ஆதியாகமம் 14இல் மெல்கிசேதேக்கு யார் என்று எழுதிவைத்தால், 21ஆம் வாரம் எபிரெயர் 7 வரும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம்.

முதல் கேள்வியை முதலில் கேட்பதுதான் இதில் முக்கியம். "இன்று எனக்கு ஆண்டவர் என்ன சொல்கிறார்" என்பதை அவசரமாக முன்னே வைத்துவிட்டால், யார் வாயிலிருந்து வந்த வார்த்தை என்பதே தப்பிவிடும். "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்பது காலண்டர்களிலும் வீட்டுச் சுவர்களிலும் காணும் வசனம். யோபு 8:7. பேசுகிறவன் பில்தாத், பிள்ளைகளைப் புதைத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால் செத்தார்கள் என்கிற தொனியில் தொடங்கிய பேச்சில் வருகிறது. 42:7இல் கர்த்தர், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று யோபின் சிநேகிதர்களைக் கடிந்துகொள்கிறார். எரேமியா 29:11இன் சமாதான நினைவுகளும் பாபிலோனில் சிறைப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் உள்ளவை. முந்தைய வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்வதால் ஆறுதல் குறையாது. காத்திருக்கிறவர்களுக்கு அது இன்னும் பெரிய ஆறுதல். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை அன்றைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம்.

அதிகாரப் பிரிவுகளுக்கு ரொம்பவும் கட்டுப்பட வேண்டாம். அவை 13ஆம் நூற்றாண்டில் வந்தவை; வசன எண்கள் 16ஆம் நூற்றாண்டில். ஏசாயா 53 உண்மையில் 52:13இல் தொடங்குகிறது. படைப்பின் ஏழாம் நாள் ஆதியாகமம் 2இன் முதல் மூன்று வசனங்களில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் நாலு வசனம் கூடவே வாசித்துவிட்டு நிறுத்துங்கள். 80 வசனமுள்ள லூக்கா 1ஐ 38இல் நிறுத்தி இரண்டு நாளாக்கலாம். தள்ளிப்போன நாளுக்குத்தான் சனிக்கிழமை இருக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். மனப்பாடமாயிருக்கும் வசனங்கள் அந்த நடையில்தான் இருக்கின்றன. பவுலின் நீண்ட வாக்கியங்களில் தடுக்கினால் 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் திறக்கலாம். போனில் வாசிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; அறிவிப்பு ஒன்று வந்தாலே அதிகாரம் அறுந்துவிடும். பஸ்ஸில் ஒலி வேதாகமம் கேட்பது நல்லது, ஆனால் அதை அன்றைய பங்காகக் கணக்கிட வேண்டாம். ஓய்வுநாள் பாடசாலைக்கோ பிரசங்கத்துக்கோ ஆயத்தம் செய்வதும், குடும்ப ஜெபத்தில் வாசிப்பதும் அப்படியே. பிறருக்காக வாசிக்கும்போது மனம் பிறரிடத்தில்தான் இருக்கும்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல், தூங்கி எழுந்ததும் என்று வைத்துக்கொள்ளலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இரண்டு அதிகாரம் அதிகம். புதிய ஏற்பாட்டு அடையாளத்தை மட்டும் நகர்த்தட்டும், ஒரு வருஷம் அது போதும். அவருக்கு மட்டும் இரண்டு அடையாளமும் சேர்ந்தே நகரும் விதி இல்லை.

ஞாயிறு சங்கீதத்துக்கு ஒரு குறிப்பு பாக்கி. 156 ஞாயிறுக்கு 150 சங்கீதம் என்றால் ஆறு ஞாயிறு மிஞ்சும். அவற்றை 119ஆம் சங்கீதத்துக்குக் கொடுங்கள். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். அதற்குரிய ஞாயிறோடு சேர்த்து ஏழு. ஆறு ஞாயிறு மும்மூன்று பகுதி, கடைசி ஞாயிறு நான்கு.