11 பாப்-அப்களுக்கு ஒரே டயலாக்: மாங்காய் மண்டிச் செயலியில் கற்றுக்கொண்டவை

காவேரிப்பட்டணத்துப் பக்கம் உள்ள ஒரு மாங்காய் மண்டிக்கு எடைச் சீட்டு போடும் வலைச் செயலியை எழுதிக் கொடுத்து, இன்றுவரை நானே பராமரித்து வருகிறேன். வண்டி எடை மேடையில் ஏறியதும் வண்டி எண், தோட்டக்காரர் பெயர், ரகம், மொத்த எடை, வண்டியின் வெற்று எடை, கழிவு ஆகியவற்றைப் பதிந்து சீட்டு எடுக்க வேண்டும். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் லோடுகள் வரிசை கட்டி நிற்கும் நாட்களில், சீட்டு போடும் பெண் மவுஸைத் தொடுவதே இல்லை. டேப், என்டர், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளிலேயே அவருடைய வேலை ஓடும்.

அந்தச் செயலியில் 11 இடங்களில் பாப்-அப் வந்தது. சீட்டை நீக்கவா, விலையை மாற்றவா, அச்சிடவா என்று ஒவ்வொன்றையும் அந்தந்தப் பக்கத்திலேயே, முன்பு எழுதியதை நகலெடுத்து ஒட்டிச் செய்திருந்தேன். ஒன்றில் எஸ்கேப் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. ஒரு பாப்-அப் அட்டவணைக்குள்ளேயே சிக்கிப் பாதி மறைந்து தெரிந்தது. எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை. அதைச் சுற்றியிருந்த பெட்டிக்கு டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தவோ சுழற்றவோ உதவும் தோற்ற விதி) கொடுத்திருந்ததால், திரையோடு நிலையாக நிற்க வேண்டிய பாப்-அப் அந்தப் பெட்டியைத் தன் எல்லையாக எடுத்துக்கொண்டது என்பது பிறகுதான் புரிந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பிழை ஃபோகஸில், அதாவது அழுத்தும் விசை எந்தப் பொத்தானுக்கு அல்லது பெட்டிக்குப் போய்ச் சேரும் என்பதில், இருந்தது. சீட்டைச் சேமித்தவுடன் 'அச்சிடவா?' என்ற பாப்-அப் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஃபோகஸ் பின்னால் உள்ள 'சேமி' பொத்தானிலேயே நிற்கும். அவர் அச்சிடுவதாக நினைத்து என்டரை அழுத்த, மறுபடியும் சேமிப்பு நடந்தது. "அண்ணா, ஒரு வண்டிக்கு ரெண்டு சீட்டு விழுந்திருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று அவர் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்த இரண்டாவது சீட்டு கணக்கில் ஏறியிருந்தால் ஒரு லோடுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கும்.

சீசன் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே டயலாக்காக, அதாவது எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான ஒரே பாப்-அப் பெட்டியாக, எழுத முடிவு செய்தேன். தனி நூலகம் எதையும் சேர்க்காமல், எச்டிஎம்எல்லில் உள்ள டயலாக் உறுப்பையே எடுத்துக்கொண்டேன். குரோமில் அது 2014-லேயே வந்துவிட்டாலும், ஃபயர்ஃபாக்ஸ் 98, சஃபாரி 15.4 ஆகிய இரண்டும் 2022 மார்ச்சில் அதை ஏற்ற பிறகுதான் தயக்கமின்றி நம்ப முடிந்தது. ஷோமோடல் என்ற கட்டளையால் திறந்தால், உலாவி அதைப் பக்கத்தின் எல்லா அடுக்குகளுக்கும் மேலே வைக்கிறது, பின்னால் உள்ள எதையும் தொட முடியாதபடி செய்கிறது, ஃபோகஸை உள்ளே கொண்டுவருகிறது, மூடியதும் பழைய இடத்திலேயே திருப்பி வைக்கிறது. ஓப்பன் என்ற பண்பை மட்டும் கையால் சேர்த்துத் திறந்தால் பின்னால் உள்ளதைத் தொட முடியாமல் தடுக்கும் வசதி கிடைக்காது.

இதைச் சுற்றி 'கேள்' என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் எழுதினேன். தலைப்பையும் கேள்வியையும் பொத்தான்களின் பெயர்களையும் கொடுத்தால், அது டயலாக்கைத் திறந்து, பிறகு வரப்போகும் பதிலுக்கான ஒரு பிராமிஸைத் தரும். பதில் வந்ததும் அழைத்த இடத்தில் வேலை தொடரும். மறுபயன்பாடு என்றால் ஒரே தோற்றம் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். கேட்கும் பக்கத்துக்குக் கேள்வியும் பதிலும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும், திறப்பதும் மூடுவதும் அதன் கவலையாக இருக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஆனால் ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கே உரிய ஓர் ஆபத்து இருந்தது. பழைய சீட்டுகளின் நகலை வைத்து மண்டியில் சோதித்தபோது, அந்தப் பெண் ஒரு சீட்டை நீக்க 'ஆம்' கொடுத்தார். அடுத்த சீட்டில் மனம் மாறி எஸ்கேப்பை அழுத்தினார். அதுவும் நீங்கிவிட்டது. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் கிடைத்தது: டயலாக் தனக்குக் கிடைத்த பதிலை வைத்திருக்கும் ரிட்டர்ன்வேல்யூ, பொத்தானை அழுத்தும்போது அதன் மதிப்பை ஏற்கிறது, எஸ்கேப்பால் மூடும்போதோ எதையும் மாற்றாமல் விட்டுவிடுகிறது. ஆகவே முந்தைய கேள்விக்குச் சொன்ன 'ஆம்' அப்படியே உள்ளே இருந்தது. ஒவ்வொரு முறை திறப்பதற்கு முன்பும் அந்த மதிப்பை வெறுமையாக்கும் ஒற்றை வரி இதைத் தீர்த்தது. மூடும் நிகழ்வைக் கேட்கும் லிசனரையும் ஒரு முறை மட்டும் இயங்கும்படி அமைத்தேன். இல்லையென்றால் பத்தாவது கேள்வியின் பதிலுக்குப் பத்து லிசனர்கள் எழுந்து நிற்கும்.

தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் டயலாக்குக்கு நேரடியாக ஃபிளெக்ஸ் என்ற காட்சி விதியைக் கொடுத்ததால் மூடிய பிறகும் அது திரையிலேயே நின்றது. திறந்திருக்கும் நிலைக்கு மட்டும் அந்த விதியைப் பொருத்தியதும் சரியானது.

சீட்டை நீக்கிய பின் ஃபோகஸ் எங்கே போவது என்பதற்குத்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியிருந்தது. உலாவி திரும்பிப் போக வேண்டிய 'நீக்கு' பொத்தான் வரிசையோடு சேர்ந்து போய்விடுவதால், விசைப்பலகையில் வேலை செய்பவர் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி டேப் அடித்து வர வேண்டியிருந்தது. பதில் 'ஆம்' என்றால் அடுத்த வரிசைக்கும், அது கடைசி வரிசை என்றால் தேடும் பெட்டிக்கும் ஃபோகஸை நானே நகர்த்தினேன்.

அடுத்த சீசன் நடுவில், கழிவு வழக்கத்தைவிட அதிகமாகப் பதியப்பட்டால் ஒரு முறை கேட்க வேண்டும் என்று மண்டிக்காரர் சொன்னார். எடை மேடைக்குப் பக்கத்தில் நின்றபடியே நான்கு வரிகளில் எழுதிச் சேர்த்தேன். அடுத்த வண்டிக்கு அந்தப் பெண் 4-க்குப் பதில் 44 என்று அடித்துவிட்டார். கேள்வி வந்தது, எஸ்கேப்பை அழுத்தினார், கர்சர் கழிவுப் பெட்டியிலேயே வந்து நின்றது. ஓர் எண்ணை அழித்துவிட்டு என்டரை அழுத்தினார். சீட்டு ஒன்றுதான் வந்தது.