அல்சூர் சோமேஸ்வரரும் மண்ணுக்குள் வைத்த பொன்னும்

பெங்களூரில் அல்சூர் மெட்ரோவில் இறங்கி, கடைத்தெரு வழியே நடந்தே சோமேஸ்வரர் கோயிலுக்குப் போய்விடலாம். பூக்காரம்மாவிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். காலையில் போவது நல்லது. சிற்பங்களை நின்று பார்க்க வெளிச்சமும் இருக்கும், கூட்டமும் குறைவு.

பெங்களூரின் பழைய கோயில்களில் ஒன்று இது. அடித்தளம் சோழர் காலத்தது என்பார்கள். இன்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி விஜயநகரக் காலத்தின் பிற்பகுதியில் கெம்பே கவுடர் வம்சத்தார் எழுப்பியது. ராஜகோபுரத்துக்கு வெளியே ஓங்கி நிற்கும் கல்தூணை வணங்கி உள்ளே போனால் 48 தூண் மண்டபம்.

கோயில் எழுந்த கதையே புதையல் கதைதான். வேட்டைக்கு வந்த எலகங்கா நாட்டுத் தலைவர் ஜெயப்ப கவுடர் மரத்தடியில் கண்ணயர்ந்தார். கனவில் ஒருவர் வந்து, 'நீ படுத்திருக்கும் இடத்துக்குக் கீழே லிங்கம் புதைந்திருக்கிறது, எடுத்துக் கோயில் கட்டு' என்றார். தோண்டியபோது பொருளும் கிடைத்தது, முதலில் மரத்தால் கோயில் எழுந்தது. இதே கனவைக் கெம்பே கவுடருக்கு ஏற்றிச் சொல்வாரும் உண்டு. செவிவழிக் கதை, ஆள் மாறும். கிடைத்த பொன் கஜானாவுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனது என்பது மட்டும் மாறுவதில்லை.

புதையலுக்கு நம் மொழியில் பழைய பெயர் 'வைப்பு'. வடமொழி 'நிதி'க்கும் வேர்ப்பொருள் கீழே வைப்பதுதான். இரண்டையும் சேர்த்துத்தான் வங்கிக்காரர்கள் 'வைப்புநிதி' என்கிறார்கள். தமிழில் புதைத்த செல்வத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அகநானூறு 265-ஆம் பாட்டு: பாடலிபுரத்தை ஆண்ட நந்த மன்னர்கள் கங்கை நீருக்கடியில் கரந்து வைத்த நிதியம். பாடியவர் மாமூலனார். பொருள் தேடப் போன தலைவன் திரும்பவில்லையே, அவனுக்குக் கிடைத்தது அந்த நிதியமோ என்று தலைவி கேட்கிறாள்.

சுவர்ச் சிற்பங்களில் நாயன்மார்களைத் தேடிப் பாருங்கள். கயிலையைத் தூக்கும் ராவணனைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோர் பலர். குபேரனின் சங்கநிதி, பதுமநிதி இரண்டையும் கொடுத்தாலும் மதிக்கமாட்டேன் என்று பாடிய அப்பர், திருப்புகலூரில் உழவாரம் செய்தபோது மண்ணில் பொன்னும் மணியும் மின்னின. அவற்றைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார். சுந்தரர் வேறு வகை. முதுகுன்றத்தில், அதாவது விருத்தாசலத்தில், பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார். போடுவதற்கு முன் மச்சம், அதாவது மாற்றுப் பார்க்க ஒரு துணுக்கு, வெட்டி வைத்துக்கொண்டார். எடுத்த பொன்னை அதோடு உரைத்தபோது மாற்றுக் குறைந்தது. மறுபடி பாடித்தான் சரியானது. சாமியிடமே கொடுத்து வைத்தாலும் சாம்பிள் கையில் இருக்க வேண்டும் என்பது சிவனின் தோழரான சுந்தரருக்குத் தெரிந்திருக்கிறது.

கருவறை முன் நிற்கும்போது ஒன்றை நினைவில் வைக்கலாம். ஆகம முறைப்படி எழும் எந்தக் கோயிலிலும் ஒரு வைப்பு உண்டு. பெயர் கர்ப்பநியாசம். செம்புப் பேழை, உள்ளே ஒன்பது அல்லது இருபத்தைந்து அறைகள். ஒவ்வொன்றிலும் மணி, உலோகத் துண்டு, நெல், எள், கொள்ளு, உளுந்து போன்ற தானியம், கிழங்கு வகை. அதோடு ஆற்று மண், மலை மண், புற்று மண், நண்டுவளை மண். இரவு வேளையில் வாசலின் வலப்பக்கத்துத் தூணடியில் வைத்து மூடிவிடுவார்கள். பெயரே சொல்கிறது, கோயிலுக்கு அது கரு. அளவில் மிகச் சிறியது. எடுத்து விற்கக் கணக்குப் போட்டால் உடைக்கும் கூலிக்குக்கூடக் காணாது.

மூலவரின் பீடத்துக்கடியிலும் ரத்தினமும் பொன்னும் சிறிதளவு வைப்பது உண்டு. அதன்மேல் திருமேனியை நிறுத்தி, இடுக்கில் அஷ்டபந்தனம் என்ற எட்டுப்பொருள் மருந்துச் சாந்தைச் சாத்துவார்கள். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் மெழுகுப் பதம் வரும்வரை இடிக்க வேண்டும். இடிப்பது குறைந்தால் மருந்து விரிசல் விடும், அபிஷேகத் தண்ணீர் கீழே இறங்கும், நாளடைவில் சிலை ஆடும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மருந்தைப் புதுப்பிப்பது இதனால்தான். பீடத்துக்கடியில் பொன் உண்டு என்ற பாதி உண்மையைக் கேட்டுவிட்டுத்தான் திருடர்கள் கேட்பாரற்ற சிவன் கோயில்களில் நந்தியின் வயிற்றை உடைக்கிறார்கள். உள்ளே இருப்பது கருங்கல்.

வெளியே வந்து விமானத்தை அண்ணாந்து பாருங்கள். கலசத்தில் இடி விழுந்து 'இரிடியம்' ஆகிவிட்டது, கோடிக்கணக்கில் போகும் என்று நம் ஊர்களில் ஒரு கும்பல் எப்போதும் அலைகிறது. கலசம் செம்பு, உள்ளே வரகு முதலான தானியம். இரிடியம் பிளாட்டின வகையைச் சேர்ந்த தனிமம். எத்தனை இடி விழுந்தாலும் செம்பு அதுவாக மாறாது.

மெய்யாகவே புதைந்து கிடப்பவை வேறு காரணத்தால் புதைந்தவை. படையெடுப்பு அஞ்சிய காலத்தில் உற்சவத் திருமேனிகளை மண்ணுக்குள் மறைக்க பெருமாள் கோயில் வழிபாட்டு நூலான வைகானச ஆகமம் முறையே வகுத்திருக்கிறது: தனியிடத்தில் குழி, மணல் படுக்கை, பூமிதேவியிடம் ஒப்படைப்பு. சக்தியைத் தர்ப்பைப் புல்லை முடிந்த கூர்ச்சத்துக்கு மாற்றிக் கருவறையில் பூசை தொடரும். ஆபத்து நீங்கியதும் எடுக்க வேண்டும். இடம் தெரிந்த நாலு பேரும் போய்விட்டால் யார் எடுப்பது? சீர்காழியில் 2023-இல் ஐம்பொன் திருமேனிகளும் தேவாரச் செப்பேடுகளும் வெளிவந்தது, யாகசாலைக்கு மண் எடுக்கப் பள்ளம் வெட்டியபோது. திருவானைக்காவலில் 2020-இல் பித்தளைப் பாத்திரத்தில் 505 பொற்காசுகள், எடை 1.716 கிலோ.

திருப்பணியிலோ வீட்டு அஸ்திவாரத்திலோ இப்படி ஏதாவது தட்டுப்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள். கழுவாதீர்கள், துடைக்காதீர்கள். பாத்திரத்தில் ஒட்டிய மண்ணும் தொல்லியலாளருக்குச் சான்று. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில். கர்நாடகத்துக்கு 1962-இல் தனிச் சட்டமே உண்டு. இங்கே தெரிவிக்க வேண்டியது டெபுடி கமிஷனரிடம்.

நேரம் இருந்தால் ஆட்டோ பிடித்துத் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலுக்கும் போய் வாருங்கள். பெயர் சிவனுடையது போல ஒலித்தாலும் உள்ளே இருப்பவர் பெருமாள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் யார் என்ன கொடுத்தார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி வெட்டியிருக்கிறது.