மணலி ஆலையும் ஈரான் எண்ணெயும்

காலையில் பங்க்கில் 200 ரூபாய்க்குப் போடச் சொன்னேன். மீட்டர் 1.98 லிட்டரில் நின்றது. பக்கத்து வண்டிக்காரர், "அரபு நாட்டுக்காரன் ஏத்துறான், நாம என்னண்ணே செய்யறது?" என்றார்.

அவ்வளவுதான் விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனத்தை 1965-இல் தொடங்கியபோது இந்திய அரசோடு அமெரிக்காவின் அமோகோ எண்ணெய் நிறுவனமும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் பங்குதாரர்கள். ஆமாம், அமெரிக்காவும் ஈரானும் ஒரே ஆலையில்!

2018-இல் அமெரிக்கா ஈரானோடு போட்ட அணு ஒப்பந்தத்தை விட்டு விலகி ஈரான்மேல் தடை போட்டது. ஈரான் எண்ணெய் வாங்க இந்தியாவுக்குத் தந்திருந்த விலக்கும் 2019 மே மாதம் முடிந்தது. அத்தோடு அதை வாங்குவதை நிறுத்திவிட்டோம். 60 நாள் கடனுக்குக் கொடுத்தவர்கள், கப்பல் கூலியிலும் சலுகை. அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு சாமான் தருவாரே, அந்த மாதிரி. சண்டை அவர்களுக்குள், கடன் தந்த கடையை இழந்தது நாம்.

சரி, வரியையும் சொல்லத்தான் வேண்டும். 2020-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது பெட்ரோல் மீதான மத்திய வரி இரண்டு தவணையாக லிட்டருக்கு 13 ரூபாய் ஏறியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.