மூன்றாம் பக்கத்து அட்டவணை

"தம்பி, இந்த அட்டவணை இல்லாட்டியும் அறிக்கை நிக்கும்தானே?"

சேர் கேட்டது இவ்வளவுதான். எடுத்துவிடு என்று அவர் சொல்லவில்லை. இதை இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், சில நாள் அவருக்காக, சில நாள் எனக்கு எதிராக. "நிக்கும் சேர்" என்று சொன்னது நான்தான். யோசிக்கக்கூட இல்லை.

2008 யூலை. முந்தைய மாதம் பணவீக்கம் 28 வீதத்தைத் தாண்டியிருந்தது. எரிபொருள் மானியம், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தினதும் மின்சார சபையினதும் நட்டம், முந்தைய வருடம்தான் பறக்கத் தொடங்கிய அரச விமானக் கம்பனி மிஹின் லங்கா என்று எங்கள் ஆய்வு நிறுவனம் எப்போதும் எழுதுகிற விடயங்கள்தான் அந்த அறிக்கையிலும் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் மட்டும் நான் ஒரு சின்ன அட்டவணை போட்டிருந்தேன்: அரிசி, மா, சீனி, பால்மா, மண்ணெண்ணெய். ஒரு பக்கம் கொழும்பு விலை, மறு பக்கம் யாழ்ப்பாண விலை.

நாட்டின் பணவீக்கம் என்று மத்திய வங்கியிலிருந்து நாங்கள் வரை எல்லோரும் சொன்ன எண், உண்மையில் கொழும்பின் விலை. சுட்டெண்ணின் பெயரே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண். (நாடு முழுவதற்குமான சுட்டெண் 2015இல்தான் வந்தது.) யுத்தத்தில் 2006 ஓகஸ்டில், தெற்கிலிருந்து வரும் தரைவழியான ஏ9 பாதையை மூடிய பிறகு யாழ்ப்பாணத்துக்குச் சாமான் கப்பலில் வந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர் வைத்ததுதான் விலை. அந்த விலை எந்தச் சுட்டெண்ணிலும் ஏறவில்லை. யாழ்ப்பாணம் சுன்னாகத்திலிருந்த சின்னம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் லைன் கிடைத்தால் சொல்வார். கிழித்த கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்து, கடைக் கணக்கு மாதிரி ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் எக்செலில் போடுவேன்.

அட்டவணை இருக்கட்டும் என்று வாதாடியவர் எதிர் மேசையிலிருந்த சிங்கள நண்பர். பாதையை மூடுவதும் சனத்தின் மேல் போடுகிற ஒரு வரிதான், விலை உண்மை பேச வேண்டும் என்று எழுதுகிற நாங்கள் இந்த விலையை மட்டும் ஏன் ஒளிக்கிறோம் என்றார். பொருளியலாக அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. உமக்கென்ன, சோதனைச் சாவடியில் உம்முடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. நியாயமான நினைப்பும் இல்லை. அந்த நாட்களில் சிங்களத்தில் எழுதியவர்களும் அடி வாங்கினார்கள்.

சேரின் பயம் வேறு. அறிக்கை அட்டையில் இருந்த இரண்டு பெயர்களும் தமிழ்ப் பெயர்கள், அவருடையதும் என்னுடையதும். அந்த மார்ச்சில்தான் பத்திரிகையாளர் திசைநாயகத்தைப் பிடித்திருந்தார்கள். 2006இல் ஒரு சஞ்சிகையில் எழுதியவற்றுக்காக பயங்கரவாதத் தடைச் சட்டம். (அடுத்த வருடம் 20 வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தபோது, நான் செய்தது சரிதான் என்று ஒரு கிழமை நிம்மதியாகத் திரிந்தேன். அந்த நிம்மதியைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.) "இந்த ஒரு பக்கத்துக்காக மிச்சம் முப்பது பக்கத்தையும் குப்பையில போடுவினம். மானியத்தைப் பற்றிச் சொல்லுறதாவது அவையின்ர காதில விழட்டும்" என்றார் சேர்.

இன்னொரு காரணமும் தயாராக வைத்திருந்தேன். ஒரு சின்னம்மாவை வைத்து அட்டவணை போடலாமா? மாதிரி அளவு ஒன்று! இதை யாரிடமும் தைரியமாகச் சொல்லலாம். ஆனால் அதே அறிக்கையின் பதினோராம் பக்கத்தில், பெற்றோல் விலை பற்றி ஒரே ஒரு ஓட்டோக்காரர் சொன்னதைப் பெட்டி கட்டிப் போட்டிருந்தோம். அவர் கொழும்பு பொரளையில் ஓடுகிறவர். அவருடைய மாதிரி அளவை ஒருவரும் கேட்கவில்லை.

அட்டவணை போனதும் மற்றவையும் தன்பாட்டில் ஒதுங்கின. அந்த வருடப் பாதுகாப்புச் செலவு 166 பில்லியன் ரூபாய்க்கு மேல். எங்கள் அறிக்கையில் அது 'மீண்டெழும் செலவு' என்ற ஒரே வரிக்குள் சம்பளத்தோடும் ஓய்வூதியத்தோடும் அடங்கிப்போனது. அரசு ஏன் அளவுக்கு மீறிச் செலவழிக்கிறது என்று முப்பது பக்கம் எழுதினோம், யுத்தம் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லாமல். இப்போது எடுத்து வாசித்தால் நல்ல அறிக்கைதான், அதுதான் கரைச்சல்.

அது யாருடைய காதிலாவது விழுந்ததா? 2018இல், உலகச் சந்தையோடு எரிபொருள் விலையை ஏற்றி இறக்குகிற விலைச் சூத்திரம் வந்தது, அடுத்த வருடமே போனது. 2022 செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருடம் கொழும்பில் எரிவாயு சிலிண்டர் வரிசையில் நின்றுகொண்டு ஒரு பழைய சகாவுக்கு, 'அப்பவே சொன்னோம்தானே' என்று மெசேஜ் அனுப்பினேன். அனுப்பிய கையோடு அழிக்கலாமா என்றும் பார்த்தேன். சொன்னோம்தான். பாதியைச் சொன்னோம். மற்றப் பாதியையும் சொல்லியிருந்தால் இந்தப் பாதியும் வெளியே வந்திராது என்று சேர் இருந்தால் சொல்வார், நானும் தலையாட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அறிக்கை வெளியான கிழமை சின்னம்மா கேட்டார்: "நான் சொன்ன விலையெல்லாம் எழுதிப்போட்டியோ?"

"ஓம் சின்னம்மா" என்றேன்.

"அப்ப அவைக்கு இனித் தெரியும்" என்றார். பிறகு தாள் சரசரக்கிற சத்தம் கேட்டது, அந்தக் கிழமை விலைகளை வாசிக்கத் தொடங்கினார். நானும் எழுதிக்கொண்டேன்.