திங்கள்கிழமைக்கு ஐந்தாம் ஆர்டர்

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்
எம்.எஸ்சி. கணிதம் முதலாமாண்டு இன்று தொடங்கியது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் கல்லூரி, காலை ஷிப்ட். வகுப்புப் பொறுப்பும் டைம் டேபிளும் என் தலையில். வருகைப்பதிவு 75 சதவீதம் என்பதை மட்டும் எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொண்டே வந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
இன்று முழுக்க ஏபிசி ஐடி, அதாவது அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கு எண். 2021-ல் வந்த ஏற்பாடு. பாடங்களில் வாங்கும் கிரெடிட் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும், கல்லூரி மாறினாலும் கூடவே வரும். டிஜிலாக்கர் வழியாகத் திறக்க வேண்டும். அங்கேதான் இனிஷியல் வழக்கு. மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுசாக, இரண்டும் ஒத்துப்போகவில்லை. காசிமேட்டுப் பையன் ஒருவனுக்குப் பெயர் சரியாக இருந்தது. ஆனால் ஓடிபி அப்பா போனுக்குப் போகிறது. அவர் லாஞ்சில் கடலுக்குப் போயிருக்கிறார்.

"எப்பப்பா வருவாரு?"

"மீன் கெடச்சா வந்துடுவாரு மேம்."

பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே பென்சிலால் 'கடல்' என்று எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்
எலக்டிவ், அதாவது விருப்பப் பாடத்துக்கான படிவம். பாதி வகுப்பு கிராஃப் தியரி. சீனியர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட் எழுத நினைப்பவர்கள் எண் கோட்பாட்டையும் பாருங்கள் என்றேன். சீன மீதித் தேற்றம், ஆய்லரின் ஃபை சார்பு எல்லாம் சிஎஸ்ஐஆர் நெட் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. சிலர் மாற்றி எழுதினார்கள்.

நியூமரிக்கல் அனாலிசிஸ் கேட்டவர்கள் பாடுதான் கஷ்டம். அதற்கு லேப் வேண்டும். லேப் கணினித் துறையுடையது. அவர்கள் விட்டுக்கொடுக்கிற நேரத்தில் எங்களுக்கு ரியல் அனாலிசிஸ். கேட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. மாணவர்களே பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சேர்க்கை நாளில் பெருமையாகச் சொல்கிறோம். லேப் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்
வெள்ளி சுதந்திர தினம், சனி கிருஷ்ண ஜெயந்தி. இன்று டே ஆர்டர் ஐந்து. எங்கள் டைம் டேபிள் கிழமைப்படி இல்லை, இந்த ஆர்டர் எண்படி. பாதிப் பேர் முதல் ஆர்டர் நோட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள், திங்கள் ஆயிற்றே! இளங்கலையை வேறு ஊரில் கிழமைக் கணக்கில் படித்தவர்களுக்கு இது புதுசு. ஆறு ஆர்டர், ஆர்டருக்கு ஐந்து மணி நேரம், ஆக 30. லீவு விட்டால் ஆர்டர் நகராமல் அப்படியே நிற்கும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து லீவு வந்தாலும் எந்தப் பாடமும் நேரத்தை இழக்காது. ஏற்பாடு நல்லதுதான், வேலைக்குப் போகாதவர்களுக்கு.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் மதியம் வேலை பார்க்கிற பெண், இரண்டாம், நான்காம் ஆர்டரில் கடைசி மணி எங்களுக்குக் காலி என்பதைப் பார்த்து, செவ்வாயும் வியாழனும் சீக்கிரம் வருகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டாள். நாளை ஆறாம் ஆர்டர், கடைசி மணி வரை வகுப்பு.

"இப்ப என்ன மேம் சொல்றது?"

ஆகஸ்ட் 26, செவ்வாய்
தீபாவளி வரைக்கும் தேதிக்கு எதிரே ஆர்டரைப் போட்டு ஒரு தாள் தயார் செய்தேன். இன்று ஐந்து, நாளை விநாயகர் சதுர்த்தி, வியாழன் ஆறு. வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள். ஜவுளிக்கடைப் பெண் இரண்டு பிரதி கேட்டாள். ஒன்று கடை முதலாளிக்காம். மழை லீவு விட்டால் அன்றிலிருந்து எல்லாமே ஒரு நாள் தள்ளிப் போகும், அதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடும்மா என்றேன்.